கீழ்த்தளத்தில் ஓர் அறை: ஜார்ஜ்டவுன் கடைவீட்டு ஹோட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளை எடுத்து, அழகுபடுத்தி, சின்னச் சின்ன ஹோட்டல்களாக நடத்தும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கடந்த பள்ளி விடுமுறையில் உங்களில் ஒருவரிடம் இரண்டு இரவு தங்கினோம். யாரிடம் என்று எழுதப் போவதில்லை. நான்கு ஹோட்டல்களின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற மூன்றிலும் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

நாங்கள் ஆறு பேர்: நான், என் கணவர், மூன்று பிள்ளைகள், 74 வயதான என் அம்மா. கிள்ளானிலிருந்து எங்கள் எக்ஸோரா வண்டியில் விடியற்காலை கிளம்பினோம். தாப்பாவில் வண்டியை நிறுத்திக் கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மெனோரா சுரங்கத்துக்குள் பிள்ளைகள் வழக்கம்போல் கத்தினார்கள். பினாங்குப் பாலத்தில் ஏறியதும் அம்மாவும் வழக்கம்போல், 1985-இல் பாலம் திறப்பதற்கு முன்னால் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக்குக் காத்துக் கிடந்த கதையை ஆரம்பித்தார். பதின்மூன்றரை கிலோமீட்டரும் முடிந்தது, கதை முடியவில்லை.

உங்கள் வாசலில் வண்டியை நிறுத்த இடமில்லை. சரி, அந்தத் தெருக்கள் போடப்பட்ட காலத்தில் கார் ஏது? ஆனால் வண்டியில் வரும் குடும்பம் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும் என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஐஸ் பெட்டி, நான்கு தலையணை, அம்மாவின் மருந்துப் பை, துண்டில் சுற்றி மறைத்த ஒரு ரைஸ் குக்கர் (ஆமாம், கொண்டுவந்தோம்). பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்க, எல்லாவற்றையும் இறக்கி உள்ளே போனால், இரண்டு அறைகளும் மாடியில் என்றார்கள். செங்குத்தான பழைய மரப்படி. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கீழே அத்தனை இடத்தில் ஒரு காப்பிக் கடையும், மெழுகுவர்த்தியும் துணிப்பையும் விற்கும் ஓர் அலமாரியும் இருந்தன.

மரபுக் கட்டடத்தில் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். லிஃப்ட் கேட்கவில்லை.

அறை அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மெருகேற்றிய சிமெண்டுத் தரை, பூச்சில்லாத செங்கல் சுவர், தேநீர் குடிக்க எனாமல் குவளை. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "தோட்டத்து லயத்துலயும் இந்தத் தரை, இந்த மங்குதானே இருந்துச்சு, இதுக்கா 380 வெள்ளி?" என்றார். கோலசிலாங்கூர்ப் பக்கம் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், வளர்ந்தவர் அவர்; உங்கள் அலங்காரம் அவருக்குப் பழைய வறுமை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. குளியலறைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கட்டிலுக்கு நேர் எதிரே, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர்; உள்ளே குளியலறை. திரை கிடையாது. அந்த அறையில் தங்கியவர்கள் என் அம்மா, 15 வயது மகள், 11 வயது மகன். "கண்ணாடிக்குள்ள குளிக்க நான் என்ன மீனா?" என்று கேட்டுவிட்டு அம்மா கட்டிலில் உட்கார்ந்தவர்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் என் கணவரின் கட்டம் போட்ட கைலிகள் இரண்டை ஊக்கு குத்தி இணைத்து, கண்ணாடியின் மேல்விளிம்பில் செருகினோம். குளிக்கும்போது மற்றவர்கள் நடைவழியில் நின்றார்கள். தேனிலவுக்கு வந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரையும் மனத்தில் வைத்து இதை வரைந்திருக்க முடியாது.

இந்த வீடுகள் இரண்டு பேருக்காகக் கட்டியவையா? முன்னால் கடை, பின்னாலும் மேலேயும் குடும்பம், நடுவில் வெளிச்சமும் காற்றும் மழையும் இறங்க ஒரு முற்றம். குறுகிய முகப்பு, நீண்ட உடம்பு. வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக அவற்றில் குடும்பங்கள் இருந்தன. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000 ஜனவரியிலிருந்து வாடகை ஏறியபோது பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்தன. அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கூரை இடிந்துவிழாமல் காப்பாற்றியவர்கள் உங்களில் நிறையப் பேர், அதற்கு நன்றி. பாட்டியும் பேரனும் இருந்த வீட்டில் இன்றைக்கு ஒரு பாட்டி இரண்டு நாள் தங்க முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

செங்கல் சுவரைப் பற்றி என் கணவர் ஒன்று சொல்லச் சொன்னார். கட்டட வேலை செய்பவர். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குத் தோல். ஈரத்தை இழுத்து வெளியே விடுவது அதுதான். அழகுக்காக அதை உரித்துவிட்டால் கல் மெல்ல மெல்ல உதிரும். காலையில் தலையணையெல்லாம் சிவப்புத் தூள். லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையைப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். அதைச் செப்பனிட்ட விதத்துக்கு 2000-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது.

வரவேற்பறையில் தெருவின் கதையைப் படங்களாக மாட்டியிருந்தார்கள். சீன வணிகர், மிளகு, ஈயம், அவ்வளவுதான். நாலு எட்டு நடந்தால் லெபு பினாங். வட்டித்தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தங்கித் தொழில் நடத்தும் கூடங்கள், இருந்த தெரு. ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய் என்று பலர் ஒரே கூரைக்குக் கீழே தங்கித் தொழில் செய்தார்கள். வெளியூர்க்காரன் வந்து தங்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் செட்டியார்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்களோ என்னவோ.

காலை உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ரொட்டித் துண்டின் மேல் அவகாடோ. எதிர்ச்சாரியில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மாலை அம்மா மெதுவாகக் கீழே இறங்கிவந்து, இன்னொரு முறை ஏற மனமில்லாமல் நின்றார். முன்மேசையில் இருந்த தமிழ்ப் பையன் அதுவரை எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசினான். அவன் காப்பிக் கடையிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து, வாசலில் மாடிக்குக் கீழே தெருவோரமாக ஓடும் ஐந்தடி நடைபாதையில் போட்டு, "உக்காருங்க பாட்டி" என்றான். மழை வந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் நனையாமல், போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். பேரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஃபெர்ரிக் கதையின் மிச்சத்தைக் கேட்டான். அந்தக் கட்டடத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சரியாகப் பொருந்திய இடம் அது ஒன்றுதான். உங்கள் வடிவமைப்பாளர் அதைத் தொடவே இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு வர நினைக்கிறோம். பூசத்துக்கு முந்தின நாள் காலை லெபு பினாங்கில் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படும். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம். கூட்டத்தில் நிற்க அம்மாவால் முடியாது. பக்கத்தில் தங்கினால்தான் பார்க்கலாம். கண்ணாடிக்கு ஒரு திரையை நாங்களே கொண்டுவருகிறோம். ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். காப்பிக் கடையில் கொஞ்சம் இடம் தடுத்து, கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. உங்களில் யாரிடம் இருக்கிறது?