சொந்த டாங்கியை உடைத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பின்வாங்கும் ராணுவம் தன் தளவாடங்களைத் தானே அழிப்பதைக் கோழைத்தனம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல் ஜப்பானியர் முன்னேறி வர, பர்மாவிலிருந்து பிரிட்டிஷ்-இந்தியப் படைகள் இந்தியாவை நோக்கிப் பின்வாங்கின. ஏப்ரலில் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை அவர்களே தகர்த்தார்கள். ஜப்பானியர் கைக்குப் போனால் அந்த எண்ணெய் நம் மீதே திரும்பியிருக்கும். அப்புறம் சிந்த்வின் ஆறு வந்தது. டாங்கிகளை ஏற்றிச் செல்லப் படகு வசதி போதவில்லை. ஒரே ஒரு டாங்கிதான் அக்கரை சேர்ந்தது. மற்றவற்றில் இன்ஜின் எண்ணெயை வடித்துவிட்டு, இன்ஜின் இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். வண்டி வெடித்துச் சிதறத் தேவையில்லை, இன்ஜின் செத்தால் போதும். 1940-இல் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோதும் லாரிகளை இப்படித்தான் முடித்தார்கள்.

பல மாதம் தன்னைக் காப்பாற்றிய வண்டியைத் தன் கையாலேயே கொல்வது எவ்வளவு கொடுமை! மெக்கானிக்காக முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். எண்ணெயில்லாமல் ஓடும் இன்ஜினின் அலறலைக் கேட்டால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதே ஆண்டு, அதே திசையில் ஆயிரக்கணக்கான தமிழர்களும் நடந்தே வந்தார்கள். என் தாத்தாவும் வந்தார். வியாசர்பாடியில் பர்மாத் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நினைவு தப்பாத பெரியவர்களிடம் கேட்டு, தங்கள் இதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டும்.

வாசகர்,
ராயபுரம், சென்னை