கால்குலேட்டரில் ஒரு வருஷம்

தம்பி,

வடக்கே ஹகோதாத்தே ஊருக்குப் போன பயணம் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது அம்மா "நல்லா இருந்துச்சு, மீன் மார்க்கெட் போனோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. அவள் இப்போது தூங்குகிறாள், எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஆபீஸில் வைத்துப் படிக்காதே, ராத்திரி ரூமுக்குப் போய்ப் படி.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். மூன்று பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டு, கடைசி நாளில் லீவு இல்லை என்று சொல்லி, பாஷை தெரியாத இரண்டு கிழங்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டாய். கையில் ஒரு தாளைக் கொடுத்து "ஷின் ஹகோதாத்தே ஹொகுதோ, அங்கே இறங்கி வேற ரயில் மாறணும், வெறும் ஹகோதாத்தே தனி ஸ்டேஷன்" என்று நாலு தடவை சொன்னாய் பார், அந்த நாலு தடவைக்காகத்தான் மன்னித்தேன். தோக்கியோவிலிருந்து நாலு மணி நேரம், ஒரு நிமிஷம் தாமதம் இல்லை. ஆனால் ஹொக்கைதோ தீவுக்குப் போகிற அந்தக் கடலடிச் சுரங்கம் வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மொத்தம் 53.85 கிலோமீட்டர், அதில் 23 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கடியிலேயே போகிறது என்று நான் சும்மா இருக்காமல் படித்துக் காட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான். "இப்போ தலைக்கு மேல தண்ணியா?" என்று மூன்று தடவை கேட்டாள். வெளிச்சம் வந்த பிறகுதான் என் கையை விட்டாள்.

சரி, மார்க்கெட்டுக்கு வருகிறேன்.

முழிப்பு வந்து பார்த்தால் ஜன்னலில் பளிச்சென்று வெயில். ஏழு மணியாவது இருக்கும், தூங்கிவிட்டோம் என்று பதறி எழுந்தேன், மணி நாலேகால். ஜூன் மாதம் இங்கே சூரியன் நாலு மணிக்கே வந்துவிடுகிறதாம், யாரும் சொல்லவில்லையே! மார்க்கெட் ஐந்துக்குத்தான் திறக்கிறது (குளிர்காலத்தில் ஆறு), அதனால் குளித்து, நீ கொடுத்த பாக்கெட் காபியைக் கலக்கிக் குடித்து, மெதுவாக நடந்தோம். ஸ்டேஷனை விட்டு இறங்கி இரண்டு நிமிஷம்கூட இல்லை, மார்க்கெட் தொடங்கிவிடுகிறது. இருநூற்றைம்பது கடை வரை இருக்குமாம், சந்து சந்தாக. 1945-ல் போர் முடிந்து ஊரில் சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் காய்கறியைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் நின்று விற்றதில் ஆரம்பித்ததாம் இது. முதலில் காய்தான், மீன் அப்புறம் வந்து சேர்ந்தது. இப்போதும் நண்டுக் கடைக்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் சோளமும் குவித்து வைத்திருக்கிறார்கள்.

நாலு எட்டு வைப்பதற்குள் "இராஷாய், இராஷாய்" என்று எல்லாப் பக்கமும் கூப்பாடு. தோக்கியோவில் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, இங்கே நண்டுக்காரர் காலை உடைத்து, சதையை நீட்டி, "தின்னு பார்" என்கிறார். எனக்கு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது. ஒன்று மட்டும் வித்தியாசம், தரை காய்ந்து கிடக்கிறது. நாகையில் மீன் மார்க்கெட்டுக்குள் வேட்டியை மடித்துக் கட்டாமல் நுழைய முடியுமா? இங்கே ஒருவர் வெள்ளைக் கால்சட்டையோடு நடந்து போகிறார். வாசனையும் இல்லை, கடல் காற்று மட்டும்தான். முடி முடியாக ஒரு நண்டு, முள் முள்ளாக ஒரு நண்டு, அது கால் விரித்தால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை பத்தாது. நான் விலையைப் பார்த்து யென்னைப் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டி ரூபாயாக மாற்றிக்கொண்டே வந்தேன், "அந்தக் கணக்கை நிறுத்துங்க, ஒண்ணும் வாங்க முடியாது" என்று அம்மா அதட்டியதும் ஒரு கீற்று முலாம்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஆரஞ்சுச் சதை, சாறு முழங்கை வரை ஒழுகியது. விலை எழுதமாட்டேன், நீ சிரிப்பாய்.

உன் அம்மா செய்த கூத்தைக் கேள். ஒரு கடையில் பெரிய மீன் ஒன்று, ஐஸ் மேல் கண்ணாடி போலக் கண்ணோடு கிடந்தது. இவள் சர்ரென்று விரலை விட்டுச் செவுளைத் தூக்கிவிட்டாள். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கடைக்காரர் "ஆ ஆ ஆ" என்று ஓடி வந்தார். இங்கே யாரும் தொட மாட்டார்களாம், எனக்கு மானம் போயிற்று. அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், அப்புறம் தானே செவுளை நன்றாகத் தூக்கிக் காட்டினார், செக்கச்செவேல் என்று இருந்தது. அம்மா தலையை ஆட்டினாள். அவரும் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது புரி என்கிற மீன், முன்பெல்லாம் தெற்கே போய்த்தான் பிடிப்பார்களாம், கடல் சூடாகிவிட்டதால் இப்போது இந்த வடக்குக் கடலிலேயே கூட்டமாக வருகிறதாம்.

வந்தது அது, போனது கணவாய். இந்த ஊருக்கே கணவாய்தான் பெயர், ஊரின் மீன் என்று அதிகாரபூர்வமாக அறிவித்திருக்கிறார்கள், ஆகஸ்ட் துறைமுகத் திருவிழாவில் கணவாய் நடனம் என்று தெருவெல்லாம் ஆடுவார்களாம். ஆனால் பிடிபடுவது முன்பைவிட ரொம்பக் குறைந்துவிட்டது. முந்தின ராத்திரி மலை மேல் ஏறி ஊர் விளக்கைப் பார்த்தோமே, போட்டோ அனுப்பினேனே, அதில் கடலில் தூரத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி இருக்கும் பார், அவை கணவாய்ப் படகு விளக்குகள். வெளிச்சத்துக்கு வரும், தூண்டிலில் பிடிப்பார்கள்.

மார்க்கெட்டுக்குள் ஒரு தொட்டி, அதில் உயிர்க் கணவாய் நீந்துகிறது, சின்னத் தூண்டிலைக் கையில் கொடுத்து நம்மையே பிடிக்கச் சொல்கிறார்கள். விலை அன்றன்றைக்கு மாறும், வரத்து இல்லாத நாளில் தொட்டியே கிடையாது. எங்கள் முறை வந்தபோது 1,800 யென். இரையெல்லாம் இல்லை, வெறும் முள்ளால் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். அந்தப் பையன் என்னவோ சொன்னான், நுனிப்பக்கத்துத் துடுப்பில் மாட்டு, குழாயை உன் பக்கம் திருப்பாதே என்று சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது, ஏனென்றால் தூக்கிய வேகத்தில் அது பீய்ச்சி அடித்த தண்ணீர் நேராக என் மூக்குக் கண்ணாடியில். நீ எடுத்துக் கொடுத்த அந்தச் சட்டை பூராவும் நனைந்தது. அம்மா அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆயிற்று, பக்கத்தில் இருந்த ஜப்பான்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் அறுத்து, கண்ணாடி இழை போலச் சீவி, இஞ்சியும் சோயா சாஸும் வைத்துக் கொடுத்தான். கால் இன்னும் அசைகிறது. அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள், "குழம்பு வெச்சிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். நான் தின்றேன். உறிஞ்சி ஒன்று கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சதை இளநீர் வழுக்கை மாதிரி, கொஞ்சம் இனிப்பு.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

மார்க்கெட்டைத் தாண்டினால் துறைமுகம், அங்கே மாஷு மாரு என்று ஒரு பழைய கப்பலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சுரங்கம் 1988-ல் திறக்கும் வரை ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வந்த கப்பல்களில் ஒன்று. 1954-ல் ஒரு புயலில் அப்படி ஒரு கப்பல் கவிழ்ந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள், சுரங்கம் தோண்டியே ஆக வேண்டும் என்று வேகம் பிடித்தது அதன் பிறகுதான். இதை நான் சொல்லிக்கொண்டே வருகிறேன், அம்மா நின்றுவிட்டாள். பார்த்தால் கம்பத்தில் ஒரு பலகை. எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் படம் தெரியுமே. பெரிய அலை, முன்னால் ஓடுகிற ஒரு மனுஷன். ஒன்றும் பேசவில்லை, திரும்பி மார்க்கெட்டுக்குள்ளேயே நடந்தாள்.

நடந்தவள் மணம் மூக்கைப் பிடித்து இழுத்தது போல ஒரு கடைக்குள் போனாள். கருவாட்டுக் கடை! அந்த ஊரிலேயே மணம் வந்த ஒரே இடம் அதுதான். தட்டையாக, காகிதம் போலக் காய்ந்த கணவாய், கத்தை கத்தையாக அகலக் கடல்பாசி. எண்பது வயதை ஒட்டிய பாட்டி ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்து என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது, அம்மா "இந்தியா" என்றாள், அவள் "ஓ, இந்தோ" என்றாள். விலைக்குக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினாள். அம்மா பணத்தை எடுக்காமல், வெளியே அந்தப் பலகைப் பக்கம் கையைக் காட்டி, "சுனாமி?" என்றாள்.

யோசித்துப் பார், ஜப்பான் பாஷையில் நம் ஊருக்கே தெரிந்த ஒரே வார்த்தை அது.

பாட்டி எழுந்து நின்றாள். கடையின் அடித்தட்டைத் தொட்டாள், அப்புறம் தன் முழங்காலுக்கு மேலே கையை வைத்து இவ்வளவு என்று காட்டினாள். கால்குலேட்டரில் விலையை அழித்துவிட்டு 2011 என்று தட்டித் திருப்பினாள். அந்த மார்ச்சில் இந்த மார்க்கெட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கிறது, தெற்கே நடந்த நாசத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்பதால் வெளியே அதிகம் பேசப்படவில்லை. அம்மா அவள் கையிலிருந்து அதை வாங்கி, அழித்துவிட்டு, 2004 என்று தட்டிக் கொடுத்தாள். பாட்டி ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். "இந்தோ..." என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். நான் சட்டையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றேன், உள்ளே போகத் தோன்றவில்லை.

பணம் கொடுத்து, கவரை வாங்கித் திரும்பும்போது பாட்டி கூப்பிட்டு, கடல்பாசிச் சுருளில் ஒரு கைப்பிடி அள்ளித் தனிக் காகிதத்தில் மடித்து "ஒமாகே, ஒமாகே" என்று கவருக்குள் செருகினாள். இந்த நாட்டில் பேரம் கிடையாது என்று நீதானே சொன்னாய், ஆனால் கொசுறு இருக்கிறது, அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

ஹோட்டலுக்குத் திரும்புகிற வழியில் அம்மா கேட்டாள், "நம்ம மீன்காரம்மா ஞாபகம் இருக்கா?" எனக்குச் சட்டென்று வரவில்லை. உனக்கு இருக்கும். அக்கரைப்பேட்டையிலிருந்து கூடையைத் தூக்கி வருமே, எடை போட்ட பிறகு இரண்டு மத்தியைச் சட்டியில் எறிந்துவிட்டு "பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போகுமே, அந்தப் பிள்ளை நீதான். அப்போது உனக்குப் பத்து வயது. சனிக்கிழமை வந்தபோது நாளைக்கு நண்டு கொண்டாரேன் என்று சொல்லியிருக்கிறது. மறுநாள் ஞாயிறு, டிசம்பர் 26. அப்புறம் வரவே இல்லை, நாங்களும் அந்த நாட்களில் யாரை என்று விசாரிப்பது. "நாற்பது ரூபா பாக்கி நான் கொடுக்கணும்" என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் ஒரு தடவை சொன்னதில்லை. ரூமுக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

நாளைக்கு மத்தியான ரயிலில் கிளம்புகிறோம், தோக்கியோ வர ராத்திரி ஆகும். ஸ்டேஷனுக்கு வராதே, ஆபீஸ் வேலையைப் பார், தாள் என்னிடம் இருக்கிறது, வந்துவிடுவோம். அந்தச் சட்டை கறை போகாது என்று நினைக்கிறேன். கருவாட்டை மூன்று கவர் போட்டுக் கட்டியும் பெட்டி முழுக்க வாசம், உன் ரூம் தோழன் ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். நெருப்பில் லேசாக வாட்டி நார் நாராகக் கிழித்துத் தின்ன வேண்டுமாம். அந்தக் கொசுறுப் பொட்டலத்தை மட்டும் அம்மா தன் கைப்பையில் தனியாக வைத்திருக்கிறாள், அதை நீ பாட்டுக்கு எடுத்துப் பிரித்துவிடாதே, அவளைக் கேட்டுவிட்டுப் பிரி.

அப்பா