கனி வைக்காத இரவு

அன்புள்ள வள்ளிக்கு,

பங்குனியின் கடைசி இரவில் இதை எழுதுகிறேன். மணி பத்தரை ஆகிறது. ஆண்டுதோறும் இந்த நேரத்தில் நான், விடிந்ததும் முதலில் கண்விழிக்க வேண்டிய சித்திரைக் கனியை வைப்பதற்காக, பூசையறைத் தரையில் அமர்ந்து உருளிப் பாத்திரத்தில் அரிசி பரப்பிக்கொண்டிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். இன்று உன் அப்பா அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "நீ இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மாம்பழமும் வெள்ளரிக்காயும் சமையலறையில் இருக்கின்றனவாம், அதனால் அங்கும் எனக்குத் தடை. முன்கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தலாம் என்று கட்டை அவிழ்த்தேன். இரண்டு தாள் தாண்டவில்லை. தொலைபேசியில் நாம் எப்போதும் பாதியில் விட்டுவிடும் ஒரு பேச்சை எழுத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

சனவரி முதல் நாள் நீ அழைத்தாய். மியூனிக்கில் அப்போது நள்ளிரவு. நமக்கு விடியற்காலை நாலரை மணி. உன் பின்னால் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே தெருவில் பாதி வாசல்களில் "ஹாப்பி நியூ இயர்" என்று வண்ணப்பொடியில் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் வருடக் கடைசி ஆராதனை முடிந்து வந்தும் உறங்காமல், தமக்குக் கிடைத்த பைபிள் வசன வாக்குத்தத்த அட்டையை விளக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த வருஷம் என்ன தீர்மானம் அம்மா?" என்று நீ கேட்டாய். "என் புத்தாண்டு இன்னும் வரவில்லை" என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். தையா சித்திரையா என்ற பழைய வழக்கை நான் மறுபடி எடுக்கிறேன் என்று நினைத்திருப்பாய். 2008 இல் சட்டம் இயற்றித் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டு ஆக்கினார்கள். 2011 இல் அந்தச் சட்டத்தை நீக்கிச் சித்திரைக்கே திரும்பினார்கள். அந்த மூன்றாண்டுகளில் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அன்று நான் சொன்னது அதை அல்ல. நாளை பிறப்பது பராபவ ஆண்டு. நான் பிறந்ததும் பராபவ ஆண்டில்தான்.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். பள்ளியில் நீ அவற்றை ஒப்பிக்க மறுத்து, "எதற்கும்மா இந்தப் பட்டியல்?" என்று கேட்டவள். இப்போது நடக்கும் சுற்று 1987 ஏப்ரலில் பிரபவவோடு தொடங்கியது. இன்று முடியும் விசுவாவசு முப்பத்தொன்பதாவது, நாளை பிறப்பது நாற்பதாவது. 1966 ஏப்ரலில் பிறந்த பராபவ 1967 ஏப்ரலில் முடிந்தது. அதன் நடுவில், கார்த்திகை மழையில், அம்பாசமுத்திரத்தில் என்னைப் பெற்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் என் வாழ்வில் ஒருமுறைகூட வரவில்லை. அறுபது ஆண்டு கழித்து நாளைக் காலையில் வருகிறது. இன்னொரு முறை அதைப் பார்க்க நான் நூற்றிருபது வயது வரை இருக்க வேண்டும். அந்த ஆசை எனக்கு இல்லை.

பராபவம் என்றால் தோல்வி, அவமானம். நல்ல பெயரில்லை. சின்ன வயதில் அந்தப் பொருள் தெரிந்த நாளில் அழுதிருக்கிறேன். என் அம்மா சொன்ன சமாதானம் இப்போதும் நினைவிருக்கிறது: "ஆண்டுக்குத்தான் அந்தப் பெயர், உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறோமே." ஆனால் அந்த ஆண்டை அம்மா நினைவுகூர்ந்த விதத்தைப் பார்த்தால் பெயர் பொருந்தித்தான் இருந்திருக்கிறது. சூன் 6 ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊரிலேயே அரிசிக்கு அல்லாட வேண்டியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குக் கஞ்சி வைக்கக் குருணை தேடி என் ஆச்சி இரண்டு தெரு அலைந்தார்களாம். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற முழக்கத்தோடு தேர்தல் வந்து, 1967 மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சர் ஆனபோது நான் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தேன். பராபவ முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. யாருக்குத் தோல்வி, யாருக்கு வெற்றி என்பது அவரவர் நின்ற இடத்தைப் பொறுத்தது போலும்.

உன் ஆண்டின் கதை இதைவிடப் பழையது. 1996 இல் நீ பிறந்தாய், தாது ஆண்டு. மருத்துவமனையில் உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கிய ஆச்சி, முகத்தைப் பார்ப்பதற்கு முன் "தாதுவா?" என்றுதான் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது, பெண் குழந்தை என்பதைத்தான் குத்துகிறார்கள் என்று நினைத்தேன். காரணம் பிறகு புரிந்தது. 1876 இல் பிறந்த தாதுவில்தான் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பஞ்சம் பரவியது. 1878 வரை நீண்டாலும் மக்கள் வாயில் அதற்கு இன்றும் தாது வருஷப் பஞ்சம் என்றே பெயர். பல இலட்சம் பேர் செத்தார்கள். சென்னையில் நீ கல்லூரிக்குப் பேருந்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள்தாம். ஆச்சியின் ஆச்சி அதைச் சிறுமியாகக் கண்டவர்கள். கற்றாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்றதை அவர்கள் சொல்ல, ஆச்சி கேட்டிருக்கிறார்கள். இடையில் 1936 இல் ஒரு தாது வந்து ஒன்றும் ஆகாமல் போனதே என்று நான் வாதாடினேன். "அது வந்ததும் போனதும் யாருக்கு நினைவிருக்கு?" என்றார்கள். பிறகு உன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இவள் பசியாற்றுகிறவளாக இருப்பாள்" என்று தாமே பரிகாரமும் சொல்லிக்கொண்டார்கள். நீ முட்டை வேகவைக்கக் கற்றதே இருபத்தைந்து வயதில் என்பது ஆச்சிக்குத் தெரியாமலே போயிற்று.

தமிழாசிரியராக இந்த அறுபதாண்டுக் கணக்கில் எனக்கு மனக்குறை உண்டு. பெயர்கள் தமிழ் இல்லை. தொடர்ச்சியும் இல்லை, ஓர் ஓலையில் "தாது வருடம்" என்று மட்டும் இருந்தால் அது எந்தத் தாது என்று சொல்ல வேறு சான்று தேட வேண்டும். அதனால்தான் கரும்பலகையில் நாள்தோறும் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டை எழுதுகிறேன். இந்த ஆண்டு 2057. வரலாற்றுக்கு அந்தத் தொடராண்டே வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2057 எவரையும் தேடி வருவதில்லை. வந்த வழியே போய்விடும். இந்தச் சுழலும் கணக்கு மட்டும், நன்றாக எழுதப்பட்டதோ இல்லையோ, ஒரு மனித ஆயுளின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டையைப் போல, ஒவ்வொருவருக்கும் ஒருமுறை அவரவர் ஆண்டைத் திருப்பிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் சரி.

அந்தத் திரும்புதலைத்தான் சஷ்டி பூர்த்தி என்றும் அறுபதாம் கல்யாணம் என்றும் கொண்டாடுகிறோம். 2022 இல், சுபகிருது ஆண்டில், உன் அப்பாவுக்கு அது நடந்தது. நீ விடுமுறை கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்து கலசநீரை எங்கள் இருவர் தலையிலும் ஊற்றினாய். என் தலையில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாய். எனக்குப் புதுத்தாலி கட்டினார்கள், எல்லோரும் காலில் விழுந்தார்கள், நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். ஆனால் அன்று எண்ணப்பட்டது அவருடைய வயது. பெண்ணின் அறுபதை யாரும் எண்ணுவதில்லை. என் அம்மாவின் அறுபது எப்போது நிறைந்தது என்று எனக்கே தெரியாது, அம்மாவும் சொல்லவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். வரும் கார்த்திகையில் எனக்கு அறுபது நிறைகிறது, அரசுக் கணக்கில் ஓய்வும் அப்போதுதான். கல்வியாண்டு முடியும் வரை வகுப்பெடுக்க மறுநியமனம் கிடைக்கும் என்கிறார்கள். ஆக, பராபவவில் வந்தவள் பராபவவிலேயே சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கிறேன்.

கனி வைக்கும் விசயத்துக்கு வருகிறேன். ஆச்சிக்கு முழங்கால் மடங்காமல் போன 1998 இல் அந்த உருளி என் கைக்கு வந்தது. கடந்த ஆண்டு வரை இருபத்தெட்டு முறை வைத்திருக்கிறேன். அரிசி, அதன்மேல் தேங்காய், வெற்றிலை பாக்கு, மாம்பழம், பலா, வாழை, வெள்ளரி, என் சங்கிலி, சில்லறைக் காசு, புதுப் பஞ்சாங்கம், பின்னால் சாய்த்த கண்ணாடி, சுற்றிலும் கொன்றைப்பூ. விடியுமுன் விளக்கேற்றிவிட்டு, தூங்கும் உன் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு வந்து அதன் முன் கையை எடுப்பேன். நீ முதலில் பார்ப்பது பழத்தை அல்ல, கண்ணாடியில் உன் தூக்க முகத்தை. அதைப் பார்த்து நீ முகம் சுளிப்பதை நான் பார்ப்பேன். நீ இங்கே இருந்த ஆண்டெல்லாம் நான் கண்ட கனி அதுதான். உருளியில் எது எங்கே இருக்கிறது என்பது முந்தைய இரவே கைக்குத் தெரிந்துவிடுவதால், வைக்கிறவளுக்கு அது காலையில் புதிதாகத் தெரிவதில்லை. "கனி வைக்கிறவளுக்குக் கனி கிடையாது" என்று உருளியைக் கொடுக்கும்போதே ஆச்சி சொன்னார்கள். அதை அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்களா, பெருமையோடு சொன்னார்களா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

நீ போன பிறகு கண்ணைப் பொத்தி அழைத்து வர உன் அப்பா மட்டும்தான். அவருக்கோ காபி குடிக்காமல் கண்ணே திறக்காது. போன மாதம் இருவருமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆச்சி சொன்னதைத் தற்செயலாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று மாலை ஒரு பை நிறையக் கொன்றைப்பூவோடு வந்து நின்றார். பாபநாசம் சாலையில் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் கேட்டு வாங்கினாராம். பாபநாசத்தில் விசுத் திருவிழாவுக்கு இப்போதே கூட்டம் தொடங்கிவிட்டதாம். நாளைத் தீர்த்தவாரிக்கு நம்மால் நெருங்க முடியாது, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றும் முடிவு செய்துவிட்டார்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பிடித்த ஒரு வேலையைச் செய்தேன். மொட்டைமாடியில் செம்பைக் கவிழ்த்து வைத்துப் பன்னிரண்டு இருபது வரை காத்திருந்தேன். நிழல் சுருங்கிச் சுருங்கி, செம்பின் அடியிலேயே ஒளிந்துகொண்டது. ஆறாம் வகுப்பில் கொடிக்கம்பத்தை வைத்து நீ இதைக் கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னாய். நம் அட்சரேகைக்கு ஏப்ரல் 12, 13 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு அது மாதக் கடைசியில்தான், உன் ஊருக்கு ஒருபோதும் இல்லை. சித்திரை முதல் நாள் இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி இருந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு. அதன் பிறகு சுமார் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாளாக நழுவி, இப்போது நம் ஊர் உச்சியில் வந்து நிற்கிறது. பஞ்சாங்கம் பிழை என்று சொல்ல இது நல்ல சான்று என்பார் உன் அப்பா. நம் ஊருக்கென்றே வந்து சேர்ந்தது என்பேன் நான். ஆண்டு பிறக்கும் நேரத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கங்களும் ஒத்துப்போவதில்லை என்பதால், இந்தச் சண்டையில் பஞ்சாங்கத்தை நடுவராக வைக்கவும் முடியாது.

சென்ற வாரம் அனுப்பிய பொட்டலம் கிடைத்ததா? பங்குனி நடுவிலேயே வேம்பின் கீழ் பழைய வேட்டியை விரித்துவிட்டேன். இரண்டு விடியலில் விழுந்த பூவை வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்துக் காம்பை நீக்கி அனுப்பியிருக்கிறேன். ஒரு கைப்பிடிக்கும் குறைவுதான். பச்சடிக்கு மாங்காயை முதலில் வேகவை, வெல்லப்பாகை வடிகட்டி அதில் விடு, பூவை நெய்யில் கருகாமல் வறுத்துக் கடைசியில் தூவு. முன்னாலேயே போட்டால் கசப்பு முழுவதும் பாகில் இறங்கிவிடும். அங்கே பச்சை மாங்காய் கிடைக்காவிட்டால் ஆப்பிளில் செய்கிறேன் என்று போன ஆண்டு சொன்னாய். அதைப் பச்சடி என்று சொல்லாதே, வேறு பெயர் வைத்துக்கொள்.

உன் தாது 2056 இல் வரும். உனக்கு அறுபது நிறையும். அப்போது உனக்குக் கனி வைக்க யாராவது இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். கல்யாணப் பேச்சை எடுக்கிறேன் என்று நினைக்காதே. தோழியாக இருந்தாலும் போதும், உருளியில் எதை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தால் சரி. இல்லையென்றால் நீ சொல்லிக்கொடு.

இப்போது பூசையறையில் ஏதோ உருண்டு விழுந்தது, தேங்காய் போலிருக்கிறது. கதவைத் திறக்காமலே உள்ளேயிருந்து, "கண்ணாடி விளக்கைப் பார்க்க வேண்டுமா, ஆளைப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார். ஆளை என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்கிறார். என் உயரம் அவருக்குத் தெரியாதா என்ன? நாளை உனக்கு விடிந்ததும் அழை. அதற்குள் நான் பார்த்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா