இரண்டு டன் மன்னிப்பு

அன்புள்ள கணக்கப்பிள்ளைக்கு,

ஏழு மாதமாயிற்று. நீ நாள் கணக்கே வைத்திருப்பாய். போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மொட்டை சொன்னான். உன் சேதியெல்லாம் அவன் வழியாகத்தான் வருகிறது. பாதி பொய் என்று கழித்துக்கொள்கிறேன்.

சரி, முதல் வேலை முதலில். நீ சொன்னதுதான் சரி. இந்த வரியைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள், இன்னொரு தடவை எழுதித் தரமாட்டேன்.

ஹாட் டப், அதுதான் உட்கார்ந்து ஊறுகிற வெந்நீர்த் தொட்டி, வாங்கப்போகிறேன், மொட்டைமாடியில் வைக்கப்போகிறேன் என்று அன்றைக்கு எவ்வளவு ஆசையாகச் சொன்னேன்! மாலை வெளிச்சம், ஆவி பறக்கும் தண்ணீர், தலைக்கு மேலே வானம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, நீ கேட்டது ஒரே கேள்வி: "எடை எவ்வளவுடா?" என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. எரிச்சலில் போனை வைத்தேன். வைத்தவன் வைத்தவன்தான்.

கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வெறும் தொட்டி 350 கிலோ. தண்ணீர் 1300 லிட்டர், அதாவது 1300 கிலோ. ஆறு பேர் உட்காரலாம் என்கிறார்கள். ஆளுக்கு 70 கிலோ வைத்தால் (மொட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை) 420. ஆக 2070 கிலோ. அது நிற்கும் இடமோ இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டுகிறது. சாதாரண வீட்டுத் தளத்தை, மேலே வரும் சுமை 150, 200 கிலோ என்று வைத்துத்தான் போடுகிறார்கள். ஆட்கள் இறங்கினால் அந்த அளவு தண்ணீர் வழிந்துபோகுமே, இரண்டையும் ஏன் கூட்டவேண்டும் என்று ஆர்க்கிமிடீஸைத் துணைக்குக் கூப்பிட்டு மனசுக்குள் உன்னோடு வாதாடினேன். மறுநாள் கடைக்காரரே சொல்லிவிட்டார், எல்லோரும் இறங்கினாலும் வழியாத மட்டத்தில்தான் தண்ணீர் நிரப்பவேண்டும் என்று. அதிலும் எனக்குத் தோல்வி.

ஆகவே வானம் போயிற்று, கொல்லைப்புறம் வந்தது. 15 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போடச் சொன்னேன். கொத்தனார் பழக்கதோஷத்தில் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்துவிட்டார். தொட்டிக்கு வாட்டம் ஆகாது. சாய்ந்தால் சுமையெல்லாம் ஒரே மூலையில் இறங்கும், தண்ணீரும் ஒரு பக்கம் ஏறி நிற்கும். மேலே இன்னொரு பூச்சுப் பூசி, ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை நான் அவரை விடவில்லை. அப்போது நான் பேசியதெல்லாம் உன் குரலில்தான் வந்தது என்கிறாள் வீட்டில்.

தொட்டி வந்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் நிமிர்த்தி, எட்டுப் பேர் உருட்டுக் குழாய்கள் மேல் தள்ளிக்கொண்டு வந்து, கச்சிதமாகச் சுவரோரம் சேர்த்து வைத்தார்கள். நான்கூடக் கைதட்டினேன். எல்லோரும் போனபிறகு பார்த்தால், பம்பையும் ஹீட்டரையும் ரிப்பேர் பார்க்கிற கதவு சுவரைப் பார்த்து இருக்கிறது! நல்லவேளை, தண்ணீர் விடவில்லை. மறுநாள் அதே எட்டுப் பேர். இந்த முறை மூன்றடி இடம் விட்டு வைத்தோம். மொட்டை இதை வேறு மாதிரி சொல்லியிருப்பான், நம்பாதே.

கரண்டு விஷயத்தில் நான் விளையாடவில்லை. அதற்கென்று தனி லைன், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே வெட்டிவிடும் பிரேக்கர், தொட்டிக்குள் இருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில் மெயின் சுவிட்ச். "இருக்கிற ப்ளக்கிலேயே போட்டுக்கலாம் சார்" என்று சொன்ன எலக்ட்ரீஷியனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டேன்.

அப்புறம் சூடேற்றும் வைபவம். ஒரு மணி நேரத்தில் தயாராகிவிடும் என்று கடையில் சொன்னார்கள். 1300 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றரை யூனிட் வேண்டும், என் ஹீட்டரோ மூன்று கிலோவாட். மணிக்கு இரண்டு டிகிரிதான் ஏறும், அதுவும் மூடி போட்டிருந்தால். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூட்டில் பெரும்பகுதி மேற்பரப்பிலிருந்து ஆவியாகத்தான் போய்விடுகிறதாம். கடைசியில் இரவு பதினொன்றரைக்கு, வீடே தூங்கினபிறகு, தனியாக இறங்கி உட்கார்ந்தேன். உனக்குப் போன் செய்யலாமா என்று அப்போதே தோன்றியது. கௌரவம் விடவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இதை வாங்கியதே அம்மாவின் முட்டிக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் என் ஆசைக்கு அம்மா முட்டி ஒரு சாக்கு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்டாவில் உட்கார வைக்க நான் என்ன கைக்குழந்தையா?" பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் டாக்டரிடம் கேட்டேன். 37 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடம் போதும், ஏறும்போது மெதுவாக, பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்றார். (திடமான ஆளுக்கே 40 டிகிரிதான் உச்சவரம்பு.) ஒரு நாள் சாயந்திரம் எப்படியோ சம்மதித்தார். படியில் இறங்கும்போது என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் தோளுக்கு வந்ததும் கையை விட்டுவிட்டார். கழுத்தளவுத் தண்ணீரில் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று படித்திருக்கிறேன். அம்மா அதைத் தன் பாஷையில் சொன்னார்: "கால் இருக்கிறதே மறந்துபோச்சுடா." எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. நல்லவேளை, தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜெட்டின் சத்தம்.

இந்த மாதிரித் தொட்டிக்கு வழங்குகிற ஜக்கூஸி என்ற பெயரே இப்படி ஒரு மூட்டுவலியில் பிரபலமானதுதான், தெரியுமா உனக்கு? அது இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன ஏழு சகோதரர்களின் குடும்பப் பெயர். முதலில் விமானத்துக்கு விசிறி செய்தார்கள், விமானமே செய்தார்கள். 1921இல் ஒன்று விழுந்து ஆட்கள் இறந்ததும் அதை விட்டுவிட்டு விவசாய பம்புக்கு வந்தார்கள். கடைக்குட்டி கான்டிடோவின் பையனுக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளிக்கும் தொட்டிக்குள் இறக்குகிற மாதிரி ஒரு பம்பு செய்தார் அப்பா. 1956இல் அது விற்பனைக்கு வந்தது. பம்பு, ஜெட் எல்லாம் தொட்டியோடு சேர்ந்தே வந்தது 1968இல்தான். அந்தப் பையனை எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

இனி நீ சிரிக்கப்போகிற பகுதி. ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நான் வாங்கிய மார்க் உனக்குத் தெரியும். இன்று என் சட்டைப்பையில் பேனா இல்லை, டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பா இருக்கிறது. காலையில் எழுந்ததும் பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மை, பார்க்கிறேன். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்கவேண்டும். ஏறினால் குளோரின் மந்தமாகிவிடும், இறங்கினால் ஹீட்டரை அரிக்கும். குளோரின் பத்து லட்சத்தில் மூன்று பங்காவது இருக்கவேண்டும், சூட்டில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் மாற்றுகிறேன். "என் சுகர் எவ்வளவு என்று கேட்டால் இவருக்குத் தெரியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள் என் மனைவி. நியாயமான புகார்தான்.

ஆனால் இது கிறுக்கு இல்லை. 1999இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே பார்வைக்கு வைத்த சுடுநீர்த் தொட்டி ஒன்று குமிழி விட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. பக்கத்தில் நடந்து போனவர்கள் அந்தச் சாரலை மூச்சில் இழுத்தார்கள், அவ்வளவுதான். லெஜியோனெல்லா கிருமி. குறைந்தது 32 பேர் இறந்துபோனார்கள். பூப்பார்க்க வந்தவர்கள்! நமக்கு எந்தச் சூடு இதமோ, அந்தக் கிருமிக்கும் அதே சூடுதான் இதம். இதைப் படித்த ராத்திரி எழுந்து போய்க் குளோரின் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்படி நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தண்ணீரில்தான் மொட்டை வந்து, குளிக்காமல், நேரே ரயிலிலிருந்து இறங்கிய உடம்போடு பொத்தென்று விழுந்தான். உடம்பெல்லாம் ஏதோ வலித்தைலம். தலையிலும் தேய்த்திருந்தான், அங்கே என்ன வலிக்கிறதோ. ஜெட்டைப் போட்டதும் நுரை விளிம்பு தாண்டி வந்தது. அரை மணி நேரத்தில் குளோரின் பூஜ்யம். கையில் ஒரு பாட்டில் வேறு. சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும், மேலே குடித்தால் அப்படியே தூங்கி மூழ்கிவிடுவாய் என்று பிடுங்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்து நீச்சல் டவுசர் மறைத்த இடத்தில் மட்டும் செம்புள்ளிகள் என்று போன் செய்தான். தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டால் மயிர்க்கால்களில் வருகிற தொற்று. தானே கொண்டுவந்து தானே வாங்கிக்கொண்டு போனான்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். எழுத உட்கார்ந்த விஷயம் இது எதுவும் இல்லை.

போன மாதம் மகள் பேத்தியோடு வந்து பத்து நாள் இருந்தாள். பேத்திக்கு மூன்றரை வயது. முதல் நாளே மூடியின் நாலு பட்டிகளையும் பூட்டி, சாவியைப் பரண் மேல் வைத்தேன். ஆறாவது நாள் சாயந்திரம் பிஎச் பார்க்க மூடியில் பாதியை மடித்தேன். மருந்து போட்டுக் கலக்க ஜெட்டையும் ஓடவிட்டேன். உள்ளே போன் அடித்தது. போய்விட்டேன். நாலு நிமிடம், ஐந்து நிமிடம் இருக்குமா? திரும்பி வந்தால் தொட்டியை ஒட்டி அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூல். தண்ணீர் மேலே அவள் பொம்மை சுற்றிச் சுற்றி வருகிறது.

ஜெட் ஓடும்போது அடி தெரியாது. வெறும் வெள்ளைக் குமிழி. அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை எனக்கு. இரண்டு கையையும் தோள்வரை விட்டு அடியைத் துழாவினேன். ஒரு மூலை, அடுத்த மூலை. கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் கணக்குக்கு அடங்காத நேரம். பின்னால் குரல் கேட்டது: "தாத்தா, பாப்பாவுக்கு சோப்பு." கையில் குளியலறை சோப்போடு நிற்கிறாள். பொம்மையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, குளிப்பாட்ட சோப்பு எடுக்கப் போயிருக்கிறாள்.

அந்த விளிம்பு 90 சென்டிமீட்டர் உயரம். அவள் 95. ஸ்டூல் மேல் ஏறினால் எட்டிப் பார்ப்பது இல்லை, கவிழ்வதுதான். பம்பு தண்ணீரை உறிஞ்சும் துளையை நினைத்தால் இன்னும் பயம். 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, நன்றாக நீந்தத் தெரிந்தவள், தொட்டியின் அடியில் உறிஞ்சலில் சிக்கிக்கொண்டாள். இழுத்த இழுப்பில் துளையின் மூடியே உடைந்துதான் மேலே வந்தாள், பிழைக்கவில்லை. அவள் பெயரிலேயே 2007இல் சட்டம் வந்தது. என் தொட்டியில் இரண்டு துளைகள், தள்ளித் தள்ளி, உடையாத மூடிகளோடு. தடவிப் பார்த்துவிட்டேன். தடவிப் பார்த்து என்ன, மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போனவன் நான்தானே?

சட்டை நனைந்தது ஏன் என்று மகள் கேட்டாள். ஃபில்டர் கழுவினேன் என்றேன். இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் எழுதுகிறேன். சொன்னால் மகள் பிள்ளையைக் கூட்டி வரவே மாட்டாள் என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் அவள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டுப் போவாள், அது அதைவிடப் பயமாக இருக்கிறது. விற்றுவிடலாம் என்று நினைத்தேன். அம்மா தினம் சாயந்திரம் ஆறு மணிக்குத் துண்டோடு வந்து நிற்கிறார்.

சுற்றிலும் வேலி போடலாம் என்று இருக்கிறேன். 1.2 மீட்டர் உயரம், ஏறக் கால் வைக்க இடமில்லாத நேர்க்கம்பிகள், தானே சாத்திக்கொள்கிற கதவு, தாழ்ப்பாள் மேலே. படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று நினைவு. நீ பார்த்துச் சொல். ரிப்பேர்க் கதவுக்கு விட்ட மூன்றடியும் உள்ளே அடங்கவேண்டும். மகளிடம் சொல்லும் விஷயத்தையும் நீயே ஒரு வழி சொல். இந்த முறை போனை வைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் முதல் வாரம் தண்ணீர் மாற்றவேண்டும். அதற்குள் வந்தால் 1300 லிட்டரையும் செடிகளுக்கு விட ஒரு கை கிடைக்கும் (குளோரின் போட்டு நாலு நாள் ஆறவிட்டுத்தான், பதறாதே). தங்கச்சியையும் கூட்டி வா. அளக்கிற டேப்பை மறக்காதே, என்னுடையது தண்ணீரில் விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்

பி.கு.: ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி விவகாரம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆறு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் உளறிவைக்காதே.