ஆடிப்பெருக்கன்று வேண்டாம் தம்பி: கண்மாய் பாட்காஸ்டின் முதல் எபிசோட்கள் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பத்து எபிசோட் பட்டியலை நிதானமாகப் படித்தேன். கண்மாய்களைப் பற்றி, அதாவது நம் பக்கத்துப் பாசன ஏரிகளைப் பற்றி, தமிழில் ஒரு பாட்காஸ்ட் வரப்போகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000 இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம்தான். நம் ஊர்ப் பையன் ஒருவன் அவற்றுக்காக மைக்கை எடுக்கிறான் என்றால், வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி முடிக்க மனம் வரவில்லை. பாட்காஸ்ட் தொடங்க நினைக்கும் வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் பட்டியல் இப்படிப் போகிறது: முதல் எபிசோட் அறிமுகம். இரண்டாவது, கண்மாய் என்றால் என்ன. மூன்றாவது, பாண்டியர் காலத்து நீர்ப்பாசனம். நாலாவது, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக். ஐந்தாவதில் ஒரு பிரபலமான பேச்சாளரின் பேட்டி. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற நம் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா வருவது ஒன்பதாவது எபிசோடில்.

ஒன்பதாவது எபிசோட் வரைக்கும் யார் இருப்பார்கள், தம்பி?

பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இந்த வரிசை சரி. காதால் கேட்கிறவர்களுக்கு ஒத்து வராது. பஸ்ஸில் போகும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ ஒருவர் உன் முதல் எபிசோடைப் போட்டுப் பார்க்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது, கண்மாய் மேல் பெரிய அக்கறையும் இருக்காது. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு மனிதரின் குரல் அவரைப் பிடித்து நிறுத்தவேண்டும். 'இந்த நிகழ்ச்சியில் நாம் என்னென்ன பார்க்கப்போகிறோம் என்றால்' என்று ஆரம்பித்தால் அவர் அடுத்ததுக்குப் போய்விடுவார். அறிமுக எபிசோட் என்று ஒன்று தனியாகத் தேவையே இல்லை. அந்த வேலையை ஒன்றரை நிமிட டிரெய்லர் பார்த்துக்கொள்ளும்.

நீர்பாய்ச்சித் தாத்தாவை முதல் எபிசோடுக்குக் கொண்டு வா. உள்ளூர்ப் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். உன் பட்டியலில் கையால் செய்கிற வேலையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இப்போது கண்மாய் வறண்டு கிடக்கிறது, தண்ணீர் வந்த பிறகு பேட்டி எடுத்தால்தான் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வறண்ட கண்மாயில்தான் மடையின், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாயின், உள்பக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியும். உள்வாயில் இரண்டு கல்தூண் நிற்கிறதே, அதற்கு அடியில் ஒரு துளை இருக்கும். கண்மாய் நிரம்பிவிட்டால் அந்த இடம் ஆள் உயரத்துக்கும் மேலே தண்ணீருக்குள் போய்விடும். ஷட்டர் வராத காலத்தில் நீந்திப் போய், மூச்சைப் பிடித்து முங்கி, அந்தத் துளையின் அடைப்பைத் தூக்கிவிட்டு மேலே வரவேண்டும். தவறினால் இழுப்பில் மாட்டிக்கொள்ளலாம். தாத்தாவை அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேள். எங்கே காலை ஊன்றுவார், முதலில் எந்தக் கை போகும், அடைப்பு கிளம்பியது தண்ணீருக்குள் எப்படித் தெரியும், மேலே வந்ததும் கரையில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேள். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் 'அந்தக் காலத்துல முங்கித்தான்ப்பா தொறப்போம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தூணைத் தொட்டுக்கொண்டு நின்றால் அரை மணி நேரம் பேசுவார்.

இப்போது பல மடைகளில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த ஒரு கேள்வியில் ஊரின் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

கூலியையும் விட்டுவிடாதே. நீர்பாய்ச்சிக்கு அறுவடை சமயத்தில் வயலுக்கு இவ்வளவு என்று நெல்லாக அளந்து கொடுப்பதுதான் வழக்கம். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் போகவேண்டும் என்று பார்த்து, கடைசி வயலான கடைமடை வரைக்கும் கொண்டு சேர்க்கிறவர் அவர். ஆனால் பல ஊர்களில் அவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர், கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கென்று ஒரு குழி நிலம்கூட இருக்காது. இதைச் சொல்லாமல் 'நம் முன்னோர்களின் நீர் மேலாண்மை' என்று பெருமை மட்டும் பேசுகிற நிகழ்ச்சிகள் ஏற்கனவே நிறைய இருக்கின்றன. உன்னுடையதும் அதில் ஒன்றாக வேண்டாம். தாத்தா அதைப் பற்றிப் பேச விரும்பினால் பேசட்டும். எடிட் செய்து முடித்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டு. அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடு.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கன்று வெளியிடப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல நாள்தான், ஆனால் அது காவிரிக் கரையின் விழா. மழையை நம்பியிருக்கிற நம் பக்கத்துக் கண்மாய்களில் ஆடி மாதம் ஆடுதான் மேயும். நம் கண்மாய்கள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன்னால், ஆவணியிலும் புரட்டாசியிலும், நம் சனங்கள் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு போடுகிறார்கள். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. மழை வரும் என்கிற நம்பிக்கையில் விதை நெல்லை மண்ணில் போடுகிறார்கள். உன் பாட்காஸ்டும் அந்தச் சமயத்தில் வெளிவரட்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் அப்போது உன்னிடம் ஒரு கேள்வி இருக்கும்: இந்த வருடம் இந்தக் கண்மாய் பெருகுமா? இதற்கு உனக்கும் பதில் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. பத்துக் கண்மாயைப் பற்றிப் பத்து எபிசோட் போடுவதைவிட, ஒரே கண்மாயை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அதன் கூடவே இரு. பாண்டியரும் பென்னிகுயிக்கும் தாமாகவே உள்ளே வருவார்கள். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கு வந்து சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதையைச் சொல். 1959இல் வைகை அணை வந்ததையும், வைகைத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இராமநாதபுரம் பெரிய கண்மாய் என்பதையும் அங்கேயே சேர்த்துக்கொள். தண்ணீருக்காகக் காத்திருக்கிற நேரத்தில் அந்த வரலாறு காதில் ஏறும். நாலாவது வாரத்தில் தனியாகச் சொன்னால் அது பள்ளிக்கூடப் பாடம்தான்.

ஆக, முதல் மூன்று எபிசோட்களை நான் இப்படி வைப்பேன். ஒன்று, வறண்ட மடையில் தாத்தா. இரண்டு, வரத்துக்கால் வழியே ஒரு நடை. மேல் கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கில் தொடங்கி நம் கண்மாய் வரைக்கும் நடந்து வா. எங்கே சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே ரோடு குறுக்கே போகிறது என்று பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு வா. நீர்நிலைகளைத் தூர்வாரிச் சீரமைக்க 2017இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்தில் அந்தக் காலில் வேலை நடந்ததா என்று வழியில் பார்க்கிறவர்களைக் கேள். கூட ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது, காலின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத்தான் தெரியும். மூன்று, புழுதி விதைப்பு. இதில் பேசுவது பெண்களாக இருக்கட்டும். விதை நெல்லை வீட்டில் எடுத்து வைத்தது யார், மழை பொய்த்த வருடம் திரும்ப விதைக்க நெல் எங்கிருந்து வந்தது, அடகுக்கு எது போனது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உன் பழைய பட்டியலில் பத்து எபிசோடிலும் ஒரு பெண் குரல்கூட இல்லை. இதை நீ கவனித்தாயா?

பேச்சாளரின் பேட்டியைத் தள்ளி வை. அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பத்து இடத்தில் சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்வார், ஏனென்றால் அவரிடம் வேறு என்ன கேட்பது என்று உனக்கு இன்னும் தெரியாது. ஆறு மாதம் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டுப் போ, உன் கேள்விகளே மாறியிருக்கும்.

இரண்டு ஊருக்கு நடுவில் இருக்கும் கலுங்குத் தகராறையும் ஆரம்பத்தில் தொடாதே. விறுவிறுப்பாக இருக்கும், நிறையப் பேர் கேட்பார்கள் என்று உனக்குத் தோன்றலாம். கலுங்கை அரை அடி உயர்த்தினால் மேலே ஒருவன் வயல் முழுகும், குறைத்தால் கீழே ஒருவன் வயல் காயும். இரண்டு பக்கத்து நியாயத்தையும் பேச வைக்க வேண்டுமென்றால், நீ எப்படிப்பட்ட ஆள் என்று அவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில எபிசோட்கள் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கத்தான்.

கேட்பார்களா என்று சந்தேகப்படாதே. 1960களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற புது ரகத்தைப் போட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. விவசாயத்தின் மகத்துவம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. இந்த விதை, இந்த உரம், இந்த வாரம் என்று பேசினார்கள்.

உன் எபிசோடை நம் ஊரில் யாரும் ஸ்பாட்டிஃபையில் தேடிக் கேட்கப் போவதில்லை. யாராவது ஒருவர் இறக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், அது ஊர் ஊராகப் போகும். அதனால் ஒவ்வொரு எபிசோடும் தனியாகவே நிற்கவேண்டும். முதல் நிமிடத்துக்குள் நிகழ்ச்சியின் பெயர், எந்த ஊர், எந்த மாதம் என்பது வந்துவிடட்டும். 'போன எபிசோடில் சொன்ன மாதிரி' என்பதை மறந்துவிடு. ஆப்பிள் பாட்காஸ்ட் செயலியில் மட்டும் நிகழ்ச்சி வகையில் 'தொடர்' என்பதைத் தேர்ந்தெடு, புதிதாக வருகிறவருக்கு முதல் எபிசோடிலிருந்து வரிசையாகக் காட்டும். அடுத்த வகையை எடுத்தால் புதியதுதான் மேலே நிற்கும். கார்த்திகையில் வருகிறவர் வறட்சியைக் கேட்காமலே வெள்ளத்துக்கு வந்துவிடுவார்.

மூன்று எபிசோடும் முழுதாக எடிட் ஆகி, நாலாவதும் ஐந்தாவதும் பதிவாகி இருக்கும்போதுதான் முதலாவதை வெளியே விடவேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போகும், வயலில் வேலை வரும், உன்னிடம் பேச ஆள் கிடைக்காது. அப்போது கையில் இருப்பு வேண்டும். மாதம் இரண்டு போதும். வாரம் ஒன்று என்று அறிவித்துவிட்டுத் திணறாதே.

ஒலிகளுக்கென்று ஒரு மாதக் கணக்கு எழுதி வை. கண்மாய் நிரம்பிக் கலுங்கில் மறுகால் பாயும் சத்தம் கார்த்திகை, மார்கழியில் சில நாள் கிடைத்தால் உண்டு. அறுவடை தை, மாசி. நீர் வற்றி, கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிப்பதெல்லாம் பங்குனி, சித்திரை. அந்த நாளை விட்டால் அடுத்த வருடம்தான். எபிசோட் எப்போது வெளிவந்தாலும் சரி, சத்தத்தை அதனதன் நாளில் பிடித்து வைத்துவிடு. போகிற ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள், வெட்டி ஒட்டும்போது அது இல்லாமல் முடியாது.

இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பட்டியலில் காணோமே என்று நினைத்தேன். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்வார்களே, அதன் கரையில் பெரியவர்கள் இரண்டு பேர் கிடைத்தால் ஒரு எபிசோட் தானாக அமைந்துவிடும். ஆனால் அது மார்கழிக்கு. நம் கண்மாயை மக்கள் நன்றாகப் பழகிய பிறகு பெரிய கண்மாயைக் காட்டு, அப்போதுதான் அதன் அளவு உறைக்கும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல் இருக்கட்டும், ஆனால் போனில் அது நகம் அளவில்தான் தெரியும், எழுத்தைப் பெரிதாகப் போடு. ஒலி அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்பது ஆப்பிளின் பரிந்துரை, அதையே வைத்துக்கொள். டிரெய்லரை முன்கூட்டியே ஏற்றி எல்லாச் செயலிகளிலும் பதிவு செய்துவிடு, ஆப்பிள் முதல்முறை சரிபார்க்க நாளாகலாம். காலர் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை வாங்காமல் கரையில் ஏறாதே, ஆடிக் காற்றில் ஒரு வார்த்தைகூடத் தேறாது.

நாளைக்கே தாத்தாவைப் பார்த்துப் பேசு. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையில் மடைக்குக் கூட்டிப் போ, முட்டி வலி இருக்கிறதென்று அம்மா சொன்னாள், உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துக்கொள். எடுத்ததை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பு. எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா