டைமரை இப்போதே போட்டுவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

பனி உருகிவிட்டது, புல் பச்சை கட்டத் தொடங்கிவிட்டது, தண்ணீர் விடலாமா என்று கேட்டாய். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

புல்லுக்குத் தானாகத் தண்ணீர் திறந்து மூடும் டைமரில் போன கோடையில் வைத்த நேரத்தை அப்படியே ஓடவிடாதே அம்மா. வசந்தத்தின் தொடக்கத்தில் காற்றுதான் சூடாகியிருக்கும், மண் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். பனி உருகிய ஈரம் அடியில் இருக்கும். வெயிலும் சாய்வாக விழுவதால் அது சீக்கிரம் ஆவியாகாது. அதன் மேல் நாள் தவறாமல் ஊற்றினால் மண்ணுக்குள் காற்றுக்கு இடமில்லாமல் போகும், பாசியும் பூஞ்சையும் பிடிக்கும். தண்ணீர் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பெரிய கவலை வேர்தான். குளிர்ப் பகுதிப் புல் நன்றாக வேர் விடுவது இந்தச் சமயத்தில்தான். மேலேயே ஈரம் கிடைத்துக்கொண்டிருந்தால் வேர் கீழே இறங்க மெனக்கெடாது. கோடை வந்ததும் முதலில் காய்வது அந்த மேல்மண்தானே?

காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதே, மண்ணைப் பார். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைப் புல்தரையில் நேராகக் குத்து. 15 செ.மீ. வரை லேசாக இறங்கி, வெளியே எடுக்கும்போது கம்பியில் மண் ஒட்டி வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். பாதியிலேயே முட்டி நின்றால் அடிமண் காய்ந்திருக்கிறது. புல்லே சொல்லும் அடையாளமும் உண்டு: நடந்துபோன காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும், பச்சை மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அப்போது விடு.

சில இடங்களுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. கூரை விளிம்புக்குக் கீழே மழையும் பனியும் விழாது, அங்கே இருக்கும் செடிகள் குளிர்காலம் முழுக்கத் தாகத்தோடு இருந்திருக்கும். போன வருஷம் நட்ட மரக்கன்றும் அப்படித்தான், அதன் வேர் இன்னும் பரவியிருக்காது. புதிதாக விதை தூவிய திட்டுக்கு மேல்மண் காயாதபடி அடிக்கடி லேசாகத் தெளிக்க வேண்டும்.

குழாயை முதல் தடவை திறக்கும்போது வால்வை மெதுவாகத் திருப்பு. சட்டென்று திறந்தால் தண்ணீர் மோதும் வேகத்தில் குழாய் இணைப்பு விட்டுவிடும். ஒவ்வொரு ஸ்பிரிங்ளரையும் ஓடவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார், உறைபனியில் ஏதாவது விரிசல் விட்டிருக்கலாம்.

அப்புறம் அளவு. வெயில் ஏறி, புல் வேகமாக வளரும் காலத்துக்கே மழையோடு சேர்த்து வாரத்துக்கு 25 மி.மீ. போதும், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். இப்போது அதைவிடக் குறைவுதான் வேண்டும். ஒரே மாதிரியான தட்டை டப்பாக்களை அங்கங்கே வைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிறைகிறது என்று அளந்துகொள். விடும் நாளில் ஆழமாக விட்டு, அடுத்த தடவைக்குள் மேல்மண் காயவிடு. அதிகாலைதான் நல்ல நேரம், சாயங்காலம் விட்டால் இலை ராத்திரி முழுக்க ஈரமாக நிற்கும். ஆனால் உறைபனி விழும் நாளில் வேண்டாம்.

நாளைக்கே அந்த மரக்கன்றின் அடியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துவிட்டு, மண் எப்படி இருக்கிறது என்று சொல். மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா