காரைக்குடிக் கிளையிலிருந்து மீனாளுக்கு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாதக் கடைசி, அதனால்தான் பதில் தாமதம். மாதக் கடைசியில் எங்கள் கிளையில் யாருக்கும் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. டார்கெட் முடிகிறவரை டீயும் பன்னும்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. தலைக்குக் குளிக்காமல் பார்த்துக்கொள், அவர்கள் சொன்ன பேச்சுக் கேட்கமாட்டார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னையும் கடன் கொடுக்கும் கம்பெனியில் மேனேஜ்மென்ட் ட்ரெய்னியாக எடுத்துவிட்டார்கள். சென்னைத் தலைமை அலுவலகமா, வெளியூர்க் கிளையா, எதைக் கேட்டு வாங்குவது? கிளையைக் கேள். அதிலும் முதல் மூன்று மாதம் வசூலில் போடச் சொல்லிக் கேள். சிரிக்காதேடி, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வழக்கமாக ட்ரெய்னியை முதலில் சேல்ஸில் விடுவார்கள், பிறகு கடன் கொடுக்கலாமா என்று பார்க்கும் கிரெடிட், ஆபரேஷன்ஸ். வசூல் கடைசியில், பேருக்கு. எனக்கு மட்டும் இங்கே ஆள் பற்றாக்குறையால் வரிசை தலைகீழாகிவிட்டது. வந்த புதிதில் அழுகையாக வந்தது. எம்.பி.ஏ. படித்துவிட்டு ஸ்கூட்டியில் ஊர் ஊராக ட்யூ கேட்கப் போவதா என்று வீட்டிலும் ஒரே முணுமுணுப்பு. அப்பத்தா மட்டும், "வட்டிக்கடைக்குப் போன பயல்களெல்லாம் பெட்டியடியில உக்காந்து எடுபிடி செஞ்சுதான் வந்தாக, போ" என்று முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு 5-ஆம் தேதி ட்யூ. கணக்கில் பணம் இல்லையென்றால் மறுநாளே பவுன்ஸ் லிஸ்ட் கைக்கு வந்துவிடும். ட்யூ தவறி 30 நாள் வரை ஒரு பக்கெட், அதாவது ஒரு பிரிவு, 60 வரை அடுத்தது, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். பிறகு மேலே எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கடன் வாங்கியவருக்கு போன் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள். உன்னை யாராவது ராத்திரியில் போன் போடச் சொன்னால் மறுத்துச் சொல்ல உதவும்.

என்னோடு வரும் வசூல் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் புதுவயலில் ஒரு லாரிக்காரர் வீட்டுக்குப் போனோம். அங்கே அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றும் வண்டி. நான் ஃபைலைத் திறந்துகொண்டு நிற்கிறேன். அண்ணன் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. நேராக லாரியைச் சுற்றி வந்தார். பின் சக்கரத்தடியில் நெருஞ்சி முளைத்திருந்தது. தார்ப்பாயின் மடிப்பில் கோழி முட்டையிட்டிருந்தது. டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "வண்டி ஓடலைம்மா. ஓடாத வண்டிக்காரர்கிட்ட சத்தம் போட்டா சத்தந்தான் வரும்" என்றார். உள்ளே போனதும் ட்யூவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எந்த மில்லில் லோடு நின்றது, எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எப்போது முடிந்தது, எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்டார். எஃப்.சி.க்குப் பணம் இல்லாமல்தான் வண்டி நின்றிருக்கிறது. வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து யார்டில் நிறுத்தியிருந்தால் ஏலத்தில் பாதிக் கடன்கூடத் தேறியிருக்காது. மேனேஜரிடம் பேசி இரண்டு மாதம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். இப்போது வண்டி ஓடுகிறது, ட்யூவும் வருகிறது.

அதற்குப் பிறகு கிரெடிட்டுக்கு மாறினேன். என் மேஜைக்கு வந்தவற்றில் இரண்டு ஃபைல்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்று கானாடுகாத்தான் பக்கத்து வீடு. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். பர்மாத் தேக்குத் தூண்கள், கண்ணாடி மாதிரி சுண்ணாம்புப் பூச்சு. அதை அடமானம் வைத்து விடுதி நடத்தக் கடன் வேண்டும் என்று ஒருவர் வந்தார். சேல்ஸ் பையனுக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவு பெரிய செக்யூரிட்டியா என்று. நம் ஊர்ச் சங்கதி உனக்குத் தெரியாததா? வளவில், அதான் உள்முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு, கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டதே இல்லை. பங்காளிகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், இறந்துபோன இரண்டு பேருக்கு வாரிசுச் சான்றிதழே வாங்கவில்லை. அத்தனை பேர் கையெழுத்தும் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு கதவைக்கூட விற்க முடியாது. வக்கீல் ஒப்பீனியன், கொடுக்க முடியாது என்று, ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.

இன்னொன்று ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் டைல் கல் போடும் ஒரு பட்டறை. தகரக் கொட்டகை, இடமோ குத்தகை. ஐ.டி. ரிட்டர்ன் பேருக்கு ஒன்று. பேப்பரில் பார்த்தால் தள்ளிவிட வேண்டிய ஃபைல். பி.டி., அதாவது கடன் கேட்டவரிடம் நேரில் பேசி விசாரிப்பது, அதற்காகப் போனேன். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கலர் கலராகச் சிமென்ட் பாலை ஊற்றுகிறார்கள், மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்குகிறார்கள், பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். தொட்டி எத்தனை, ஒரு தொட்டிக்கு எத்தனை கல், எத்தனை நாள் ஊறுகிறது என்று கேட்டுக் கேட்டு நானே மாத உற்பத்தியைக் கணக்குப் போட்டேன். ஆர்டர் நோட்டோடும் மணல், சிமென்ட் பில்லோடும் ஒட்டிப் பார்த்தேன், பொருந்தியது. மழைக்காலத்தில் வேலை குறையும் என்று அவரே சொன்னார். அதையும் கழித்துத்தான் இ.எம்.ஐ. போட்டோம். இன்று வரை ஒரு பவுன்ஸ் இல்லை. லாரியைச் சுற்றிவந்த அந்த அண்ணனைப் பார்க்காமல் போயிருந்தால் எனக்குத் தொட்டியை எண்ணத் தோன்றியிருக்காது.

சொத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வேறு கதை தேடவே வேண்டாம், நம் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்கடை வைத்த கதையே போதும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான். 1937 வாக்கில் 25 பங்கு. வாங்கிச் சேர்த்ததில்லை; நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல், அடமான நிலம் எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் வந்தது, பணம் வரவில்லை. இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு அந்த நிலமும் போனது. எங்கள் பாட்டையா அங்கிருந்து கொண்டுவந்ததெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பேரேடு. எல்லாம் வரவேண்டிய பாக்கி! அதே காலத்தில்தான், 1937-ல், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கியது. நம் ஊர்க்காரர்களின் தைரியத்தை என்னவென்று சொல்வது!

வேலையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. கடன் கேட்டு வருகிறவர் தலையில் இன்சூரன்ஸையும் சேர்த்துக் கட்டச் சொல்லும் அழுத்தம் இருக்கிறது. நான் அது கட்டாயமில்லை என்று சொல்லித்தான் விற்கிறேன், அதனால் என் எண்ணிக்கை எப்போதும் கீழேதான். உனக்கும் இது வரும், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் மூன்று விஷயம் பார். சம்பளத்தில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு இன்சென்டிவ். பாண்ட் எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள், ஒப்படைக்காதே. பெட்ரோல் படி தனியாகவா என்றும் கேட்டுவிடு. கிளை வேலையில் அதுதான் முதலில் கையைக் கடிக்கும்.

ஸ்கூட்டி ஓட்ட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். சேருவதற்குள் லைசென்ஸ் எடு. அம்மாவுக்குக் கண் சரியானதும் இரண்டு பேரும் இங்கே வாருங்கள், அப்பத்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் அவர்கள் பொறுப்பு.

அன்புடன்,
உமையாள்